கடையில் பைக்கு வாங்கும் காசு யாருக்குப் போகிறது?

(இணைய மன்றம் ஒன்றில் புனைபெயர்களில் நடந்த உரையாடல்)

முணுமுணுப்பு:

கடைகளில் பைக்குத் தனியாகக் காசு வாங்குவது பற்றி எனக்கு ஒரு சந்தேகம், கூடவே கொஞ்சம் எரிச்சல். காசு கொடுப்பதில் பெரிய வருத்தம் இல்லை. பிளாஸ்டிக் குறைய வேண்டும் என்றால் எங்கேயாவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் காசு கொடுத்து வாங்கும் பையின் இரண்டு பக்கமும் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. காசு என்னுடையது, தூக்கிக்கொண்டு நடப்பதும் நான், விளம்பரம் மட்டும் அவர்களுக்கு. 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று ஓரத்தில் ஒரு பச்சை இலை வேறு.

அந்தக் காசு எங்கே போகிறது என்று ஒரு கடையில் கேட்டேன். பில் போடுபவர் மேலாளரைக் காட்டினார். மேலாளர் 'கம்பெனி பாலிசி' என்றார். அதோடு சரி. இது வரியா, விலையா, அபராதமா? வரி என்றால் அரசுக்குப் போக வேண்டும். விலை என்றால் சுற்றுச்சூழல் பேச்சு எதற்கு? அபராதம் என்றால், பையை எடுத்து நீட்டுகிறவருக்கும் அதில் பங்கு இருக்க வேண்டாமா?

கல்லாக்காரர்:

சின்னக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பை எந்தக் காலத்திலும் இலவசமாக இருந்ததில்லை தம்பி. மொத்த வியாபாரியிடம் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அந்தச் செலவு பொருளின் விலைக்குள் ஒளிந்திருந்தது. வீட்டிலிருந்து பை கொண்டு வந்தவரும் கொண்டு வராதவருக்காகச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது பை எடுப்பவர் மட்டும் கொடுக்கிறார். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது?

முணுமுணுப்பு:

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. அப்படியானால் பையைத் தனியாக விற்க ஆரம்பித்த அன்று பொருள்களின் விலை அந்த அளவுக்குக் குறைந்திருக்க வேண்டுமே. குறைந்ததா?

கல்லாக்காரர்:

வாடகையும் கரண்டு பில்லும் குறைந்திருந்தால் அதுவும் குறைந்திருக்கும்.

குறுக்குச்சால்:

மேலே இருக்கும் பதிலைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

புள்ளிவிவரம்:

முணுமுணுப்பு கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு நாடும் வேறு வேறு பதில் வைத்திருக்கிறது.

அயர்லாந்தில் இது சுத்தமான வரி. 2002 மார்ச்சில் பை ஒன்றுக்கு 15 சென்ட் என்று ஆரம்பித்தார்கள். கடைக்காரர் வெறும் வசூல் ஆள். வாங்கிய காசை அப்படியே வரித்துறைக்குக் கட்ட வேண்டும், தொடக்கத்தில் அது சுற்றுச்சூழல் நிதி என்ற தனிக் கணக்குக்குப் போனது. ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 328 பை என்று இருந்தது 21 ஆகச் சரிந்தது. பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியதும் 2007 ஜூலையில் 22 சென்ட் ஆக்கினார்கள்.

இங்கிலாந்தில் இது வரி இல்லை. 2015 அக்டோபரில் 5 பென்ஸ் என்று வந்தபோதே, குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கியாக வேண்டும் என்பதுதான் சட்டம். காசு கடைக்குத்தான். அதை நல்ல காரியங்களுக்குக் கொடுப்பார்கள் என்று அரசு எதிர்பார்க்கிறது, சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் நன்றாகச் செய்தார்கள். 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் எத்தனை பை விற்றோம், எவ்வளவு வந்தது, செலவு போக மீதியை என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அரசு அந்தக் கணக்கை வெளியிடுகிறது.

டென்மார்க் இவர்களுக்கெல்லாம் முன்னோடி. 1994 முதலே பைக்கு வரி உண்டு. ஆனால் அதைக் கட்டுவது தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும், அதுவும் பையின் எடையைப் பார்த்து.

ஆக, வரியாகவும் வைக்கலாம், விலையாகவும் வைக்கலாம். உங்கள் கடை மேலாளரிடம் பதில் இல்லாததற்குக் காரணம், கணக்குக் காட்டச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை என்பதுதான்.

பில் கவுண்டர்:

நான் பில் போடும் பக்கத்தில் நிற்பவள். எல்லாரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள். கவுண்டரில் உண்மையில் என்ன மாறியது என்று சொல்கிறேன்.

இலவசமாக இருந்தபோது யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. பொருள் வரும், கை தானாகப் பையை உருவும், போடும். கனமாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை. சோப்பு தனி, சாப்பாட்டுச் சாமான் தனி. ஒரு பேனா வாங்கினாலும் ஒரு பை. வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர் வாயைத் திறப்பதற்குள் பொருள் பைக்குள் போயிருக்கும்.

இப்போது 'பை வேண்டுமா?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதைக் கேட்டதும் ஆட்கள் ஒரு நொடி நிற்கிறார்கள். பொருளைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். பாதிப் பேர் கையிலேயே எடுத்துக்கொண்டு போவார்கள், தோள்பையில் திணிப்பார்கள். அவ்வளவு பெரிய காரில் வந்து இறங்கியவரும் அந்தச் சின்னக் காசுக்கு யோசிப்பார். காசு இல்லாமலா? இல்லை. கேட்டதால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திட்டு முழுக்க எங்களுக்குத்தான். விதி போட்டவர் யாரோ, லாபம் யாருக்கோ, 'இதுக்குமா காசு?' என்று முறைப்பது மட்டும் எங்களை. பில் மொத்தமும் போட்டு முடித்த பிறகு பைக்குக் காசு என்று சொன்னால் சண்டை நிச்சயம். முதல் பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன்பே கேட்டுவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. வாசலில் ஒரு பலகை வைத்தால் இன்னும் நல்லது. இதைக் கடைக்காரர்கள் யாராவது படித்தால் புண்ணியமாகப் போகும்.

காகிதக்கப்பல்:

பில் கவுண்டர் அக்கா சொல்வதை ஆராய்ச்சியும் சொல்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பொருளாதார ஆய்வாளர் டாட்டியானா ஹொமொனாஃப் ஒரு ஆய்வு செய்தார், 2018-இல் வெளிவந்தது. சில கடைகள் சொந்தப் பை கொண்டு வந்தால் 5 சென்ட் தள்ளுபடி கொடுத்து வந்தன. வேறு இடங்களில் பை எடுத்தால் 5 சென்ட் வரி. தொகை ஒன்றேதான். ஆனால் தள்ளுபடியால் ஏறக்குறைய ஒரு பலனும் இல்லை, வரியால் பை எடுப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வரவேண்டிய 5 சென்டை விட்டுவிட ஆள் தயார், கையிலிருந்து போகிற 5 சென்டுக்கு மனம் வராது.

அதனால் 'தண்டிக்காதே, ஊக்குவி' என்று வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பையோடு வந்தால் பரிசுப் புள்ளி தருகிறோம் என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், பை எண்ணிக்கை நகராது.

முணுமுணுப்பு:

அப்படியென்றால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. காரியத்தைச் செய்வது கேள்விதான், காசு ஒரு சாக்கு மட்டும் என்றால் அந்தக் காசைக் கடை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகலாமே.

கல்லாக்காரர்:

கொடுக்கலாம். ஆனால் என்னைப் போன்ற சின்னக் கடைக்காரனிடம் அதற்கும் ஒரு கணக்குப் புத்தகம், ஒரு படிவம், மாதம் ஒரு ரிட்டர்ன் என்று கேட்டால், நான் பை கொடுப்பதையே நிறுத்திவிடுவேன். ஒருவேளை உங்களுக்கு வேண்டியதும் அதுதானோ?

எனக்கு உண்மையான தலைவலி வேறு. பக்கத்துக் கடைக்காரன் இலவசமாகக் கொடுத்தால் நான் காசு கேட்க முடியாது. ஒருமுறை கேட்டால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். விதி என்றால் எல்லாருக்கும் ஒரே நாளில் வர வேண்டும். இஷ்டப்பட்டவர் காசு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், முதலில் வாங்குபவன்தான் முட்டாள்.

புள்ளிவிவரம்:

இங்கிலாந்தில் இதே கதைதான், கொஞ்சம் தலைகீழாக. முதலில் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விதி, சின்னக் கடைகளுக்கு விலக்கு. 2021 மே மாதத்தில் 10 பென்ஸாக உயர்த்தியபோது எல்லாக் கடைகளையும் உள்ளே கொண்டு வந்தார்கள். விலக்குப் பெற்றிருந்தபோதே தாங்களாக வசூலிக்க ஆரம்பித்திருந்த சின்னக் கடைகளும் உண்டு. பைச் செலவு மிச்சம் என்பதை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லையே.

துணிப்பைக் கட்சி:

இவ்வளவு பேச்சு எதற்கு? ஒரு பருத்தித் துணிப்பை வாங்கினால் வாழ்நாள் முழுக்க வரும். பிளாஸ்டிக்கை அடியோடு நிறுத்து, துணிப்பையை எடு. முடிந்தது விஷயம்.

காகிதக்கப்பல்:

முடியவில்லை சார். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். சாதாரணப் பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். ஆர்கானிக் பருத்தி என்றால் 20,000 முறை. வாழ்நாள் போதாது, பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓரத்து வாசகி:

இந்த 7,100 கணக்கு எங்கே பிளாஸ்டிக் பேச்சு வந்தாலும் வந்து குதிக்கிறது. அது எப்படி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அந்த அறிக்கை பருவநிலை, நீர், நச்சுத்தன்மை, ஓசோன் படலம் என்று பல அளவுகோல்களில் பைகளை ஒப்பிட்டது. ஒவ்வொன்றிலும் எத்தனை முறை பயன்படுத்தினால் சமமாகும் என்று கணக்கிட்டு, அதில் மிக மோசமான எண் எதுவோ அதை எடுத்தால் 7,100. அந்த மோசமான எண் வந்தது ஓசோன் அளவுகோலில். பருவநிலையை மட்டும் எடுத்தால் அதே அறிக்கையில் சாதாரணப் பருத்திக்கு 52 முறை, ஆர்கானிக்குக்கு 149 முறை. வாரம் ஒருமுறை கடைக்குப் போகிறவருக்கு 52 என்பது ஒரு வருடம். ஆர்கானிக் பை ஏன் இவ்வளவு மோசம் என்றால், விளைச்சல் குறைவு என்பது ஒரு காரணம். அவர்கள் எடுத்துக்கொண்ட ஆர்கானிக் பை அளவில் சிறியதாக இருந்ததால் ஒன்றுக்குப் பதில் இரண்டு என்று கணக்கிட்டது இன்னொரு காரணம்.

இதைவிட முக்கியமாக, குப்பையாகக் காற்றில் பறப்பது, கடலில் சேர்வது இதெல்லாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. பை உருவாகி, கடைக்கு வந்து, முறையாக எரிக்கப்படுவது வரைதான் பார்த்தார்கள். குப்பை முழுவதையும் ஒழுங்காகச் சேகரித்து எரித்து மின்சாரம் எடுக்கும் நாட்டுக்கான கணக்கு அது. குப்பை தெருவில் கிடக்கும் ஊருக்கு அதை அப்படியே தூக்கி வரக் கூடாது.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் செய்த ஒப்பீடும் உண்டு. அதில் பருவநிலைக் கணக்கில் பருத்திப் பைக்கு 131 முறை. ஆனால் கடை தந்த மெல்லிய பையை வீட்டில் குப்பைத் தொட்டிக்கு உறையாகப் போட்டால் அந்த 131 என்பது 327 ஆகிவிடும். கவனித்தீர்களா? மெல்லிய பையை இரண்டாவது முறை பயன்படுத்துகிறோமா என்பதில்தான் கணக்கு முழுவதும் ஆடுகிறது.

துணிப்பைக் கட்சி சார், உங்கள் பையைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஒரே பையை வருடக்கணக்கில் பயன்படுத்தினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கூட்டம், கருத்தரங்கு, கல்யாணம் என்று போகிற இடமெல்லாம் கொடுக்கும் துணிப்பைகள் அலமாரியில் அடுக்கிக் கிடந்தால் அது துணியில் நடக்கும் அதே தப்புதான்.

துணிப்பைக் கட்சி:

என் அலமாரியை எப்போது பார்த்தீர்கள்?

சரி, விளையாட்டு போகட்டும். புதிதாகத் துணிப்பை வாங்கச் சொல்லவில்லை, இருப்பதை எடுங்கள் என்கிறேன். பழைய வேட்டி, புடவை, பேன்ட் எதுவாக இருந்தாலும் தைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்த முகமையும் கணக்குப் போட வேண்டியதில்லை.

புள்ளிவிவரம்:

ஓரத்து வாசகி சொன்னதோடு தடித்த பை விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைக்குக் காசு என்ற திட்டம் உள்ளுக்குள் ஓட்டை விழுவது அங்கேதான்.

கலிஃபோர்னியா மாநிலம் 2014-இல் மெல்லிய பைகளைத் தடை செய்து சட்டம் போட்டது. பிளாஸ்டிக் தொழில்துறை எதிர்த்து நின்று பொது வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டு போய், 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மெல்லிய பை தடை. ஆனால் பலமுறை பயன்படுத்தத்தக்க தடித்த பிளாஸ்டிக் பையைக் குறைந்தது 10 சென்டுக்கு விற்கலாம். நடந்தது என்ன? மக்கள் அந்தத் தடித்த பையையும் ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். ஒரு பையில் இருக்கும் பிளாஸ்டிக்கோ முன்பைவிடப் பல மடங்கு. கடைசியில் 2024-இல் இன்னொரு சட்டம் போட்டு, 2026 ஜனவரி முதல் கவுண்டரில் அந்தத் தடித்த பைக்கும் தடை.

பிரிட்டனிலும் 'ஆயுள் முழுதுக்குமான பை' என்று தடித்த பைகளை விற்றார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் 2019-இல் கணக்கெடுத்தபோது பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஒரே ஆண்டில் அப்படி 150 கோடிப் பைகள் விற்றிருந்தன, வீட்டுக்கு ஏறக்குறைய 54. ஒரு வீட்டில் எத்தனை ஆயுள் இருக்க முடியும்?

காசைப் பையின் எண்ணிக்கைக்கு வைத்தால், கடைக்காரர் எண்ணிக்கையைக் குறைத்து எடையைக் கூட்டிவிடுவார். டென்மார்க்காரர்கள் எடைக்கு வரி போட்டது சும்மா இல்லை.

குறுக்குச்சால்:

என் வீட்டு ஆயுள் பைகளை வாரிசுகளுக்கு உயில் எழுதி வைக்கலாம் போலிருக்கிறது.

பில் கவுண்டர்:

தடித்த பைக்கும் மெல்லிய பைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். ஆட்கள் 'அந்த நல்ல பையே கொடுங்க' என்பார்கள். அடுத்த வாரம் அதைக் கொண்டு வருவார்களா என்றால், வீட்டில் மறந்துவிட்டேன் என்று இன்னொன்று வாங்குவார்கள். மறதிதான் இதில் பெரிய வியாபாரம்.

வீட்டுக்காரர்:

யாரும் பேசாத ஒன்று. கடைப் பை இலவசமாக வந்தபோது வீட்டுக் குப்பைக்கு அதைத்தான் போட்டோம். இப்போது குப்பைக்கென்று கறுப்புக் கவர் சுருள் சுருளாகக் காசு கொடுத்து வாங்குகிறேன். பிளாஸ்டிக் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

காகிதக்கப்பல்:

நியாயமான கேள்வி. ரெபெக்கா டெய்லர் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னிய ஊர்களை வைத்து இதையே ஆராய்ந்து 2019-இல் எழுதினார். கடைப் பைத் தடையால் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி பவுண்டு எடையுள்ள பிளாஸ்டிக் குறைந்தது, ஆனால் குப்பைக் கவர் விற்பனை ஏறியதில் 1.2 கோடி பவுண்டு திரும்பி வந்துவிட்டது. சின்ன அளவுக் குப்பைக் கவர்களின் விற்பனை மட்டும் 120 சதவீதம் ஏறியது. குறைந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி வந்திருக்கிறது. மீதி உண்மையிலேயே மிச்சம்தான். பாதிக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

வாய்க்கால்:

நான் கழிவுநீர், மழைநீர் வடிகால் வேலையில் இருந்தவன். இத்தனை பேரும் கார்பன், எடை என்று பேசுகிறீர்கள். எங்களுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. மொத்தக் குப்பையின் எடையில் கடைப் பை மிகச் சிறிய பங்கு. ஆனால் எந்தக் குப்பையும் செய்யாத வேலையை அது செய்யும்.

பாட்டில் விழுந்த இடத்தில் கிடக்கும், உருண்டு ஓரத்துக்குப் போகும். பை பறக்கும். குப்பைத் தொட்டிக்குள் போட்டதும் பறக்கும், லாரியிலிருந்தும் பறக்கும், குப்பைமேட்டிலிருந்தும் பறக்கும். ஒழுங்காகப் போட்டவர் பையும் தெருவுக்கு வரும் என்பதுதான் இதில் கொடுமை. மழை வந்ததும் தண்ணீரோடு ஓடி வடிகால் வாயில் இருக்கும் கம்பியில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ஒரே ஒரு பை கம்பியை மூடிவிட்டால் போதும், அதன் மேல் இலை, அதன் மேல் மண், அதன் மேல் இன்னொரு பை. பத்து நிமிட மழைக்குத் தெரு நிறைந்துவிடும். உள்ளே போன பையோ வளைவுகளில் சேறோடு சேர்ந்து இறுகிவிடும். அதைக் கம்பியால் இழுத்தால் நார் நாராகக் கிழியும், முழுதாக வராது. ஆள் இறங்காமல் எடுக்க முடியாத இடங்கள் உண்டு.

பங்களாதேஷ் 2002-லேயே உலகத்தில் முதல் நாடாக மெல்லிய பாலித்தீன் பையைத் தடை செய்தது இதற்காகத்தான். 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளங்களின்போது வடிகால்களை அடைத்ததில் பைக்குப் பெரிய பங்கு இருந்தது. கார்பன் கணக்குப் போட்டு அந்தத் தடையைக் கொண்டு வரவில்லை.

அதனால் பருத்திப் பை 52 முறையா 7,100 முறையா என்று நீங்கள் வாதாடுங்கள். துணிப்பை வடிகாலை அடைத்து நான் பார்த்ததில்லை.

ஓரத்து வாசகி:

வாய்க்கால் ஐயா, இந்தப் பேச்சில் இதுவரை வந்ததில் இதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் பக்கம் இப்போது ஆதாரமும் வலுவாக இருக்கிறது. 2025-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்கக் கரையோரங்களில் தன்னார்வலர்கள் பொறுக்கிய குப்பைக் கணக்குகளை வைத்து, பைக்குத் தடையோ கட்டணமோ வந்த இடங்களையும் வராத இடங்களையும் ஒப்பிட்டார்கள். பொறுக்கிய மொத்தக் குப்பையில் பிளாஸ்டிக் பையின் பங்கு, விதி வந்த இடங்களில் 25 முதல் 47 சதவீதம் வரை குறைவு. தடித்த பையை மட்டும் விட்டுவைக்கும் அரைகுறைத் தடைகளுக்குத்தான் பலன் மிகக் குறைவு. மேலே புள்ளிவிவரம் சொன்ன ஓட்டை கடற்கரையிலும் தெரிகிறது.

துணிப்பைக் கட்சி:

அப்படியானால் முழுத் தடைதானே நல்லது? காசு வாங்குவது, பணம் இருப்பவன் அழுக்காக்கிக்கொள்ளலாம் என்று அனுமதிச் சீட்டு விற்பது போலத்தானே?

கல்லாக்காரர்:

தடை என்றால் பின்கதவு திறக்கும். பெரிய கடையில் பை இருக்காது, தெருவோர வியாபாரியிடம் பெயர் போடாத, கையில் தொட்டாலே கிழியும் பை வரும். சோதனைக்கு வருகிறவர் தெருவோர வியாபாரியைத்தான் பிடிப்பார், பையைத் தயாரிக்கும் ஆலைப் பக்கம் போக மாட்டார். கட்டணம் என்றால் பை பில்லில் ஏறும், கண்ணுக்குத் தெரியும்.

வாய்க்கால்:

அண்ணே சொல்வதில் பாதி உண்மை. கென்யா 2017-இல் தடை கொண்டு வந்தபோது நான்கு ஆண்டு வரை சிறை என்று எழுதி வைத்தார்கள். அவ்வளவு கடுமைக்குப் பிறகும் எல்லை தாண்டிக் கடத்தல் நடந்தது. ஆனாலும் தெருவில் பை குறைந்தது என்பதை மறுக்க முடியாது. தடை தோற்பது பெரும்பாலும் ஆலையை விட்டுவிட்டுக் கடையைப் பிடிக்கும் இடங்களில்தான்.

புள்ளிவிவரம்:

கட்டணத்துக்கும் ஒரு நோய் உண்டு. பழகிப்போகும். தென்னாப்பிரிக்கா 2003-இல் பைக்கு அந்நாட்டுக் காசில் 46 சென்ட் வாங்கியதும் விற்பனை சட்டென்று விழுந்தது. பிறகு கடைகள் பை விலையைக் குறைத்தன, மக்களும் அதை மாதச் செலவில் ஒன்றாக ஏற்றுக்கொண்டார்கள், எண்ணிக்கை மறுபடியும் ஏறியது. விலைவாசி ஏற ஏற, அசையாமல் நிற்கும் கட்டணம் ஒவ்வொரு வருடமும் தானாகவே மலிவாகிவிடும். ஹாங்காங் 2009-இல் வைத்த 50 சென்டை 2022 கடைசியில்தான் ஒரு ஹாங்காங் டாலர் ஆக்கியது. அயர்லாந்து மட்டும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்து ஐந்து வருடத்தில் ஏற்றியது. கட்டணம் வைத்தால் எண்ணிப் பார்க்க ஒரு ஆளும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் அது வெறும் பை வியாபாரம்.

அனுமதிச் சீட்டு என்ற குற்றச்சாட்டுக்கு: கவுண்டரில் நிற்பவர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். காரில் வந்தவரும் யோசித்தார். தொகை அவருக்கு ஒன்றுமே இல்லை. இது வேலை செய்வது காசு பெரிது என்பதால் அல்ல, கேட்பதால்தான்.

நெறியாளர்:

அனுமதிச் சீட்டு, கார்பன் வணிகம், முதலாளித்துவம் என்று ஆரம்பித்த பதிவுகள் சிலவற்றை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பையோடு நிற்போம்.

தினக்கூலி:

ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை பட்டியல் எழுதி, பையை மடித்து எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த விதி சுலபம். வேலை முடிந்து கையில் கூலி வந்த பிறகுதான் என்ன வாங்கலாம் என்றே தெரியும் எங்களைப் போன்றவர்கள் வழியில் கிடைக்கும் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறோம். வேலை செய்யும் இடத்துக்குப் பை எடுத்துப் போய் எங்கே வைப்பது? ஒரு நாளைக்கு ஒரு பை என்றால் வருடத்தில் மற்றவர்களைவிட நாங்கள்தான் அதிகம் கொடுக்கிறோம், வாங்கும் பொருளோ குறைவு.

பில் கவுண்டர்:

அண்ணா சொல்வது முழு உண்மை. சாயங்காலம் வருகிறவர்களில் இது தினமும் தெரியும். எங்கள் கடையில் சரக்கு வந்த அட்டைப்பெட்டிகளை வாசலில் வைப்போம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் மிஞ்சிய பைகளைக் கொண்டு வந்து ஒரு கூடையில் போடச் சொன்னோம். பை இல்லாதவர் அதிலிருந்து எடுப்பார், முடிந்தால் திருப்பி வைப்பார். கூடை பாதி நாள் காலியாகத்தான் இருக்கும், ஆனாலும் இருக்கிற நாளில் உதவுகிறது. முதலாளிக்கு இதில் பை விற்பனை குறைகிறது என்று முகம் சுளிப்பு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பை விற்றால் கடைக்கு லாபம் என்றால் பை குறைவதைக் கடை ஏன் விரும்பும்?

முணுமுணுப்பு:

நான் சுற்றி வளைத்துக் கேட்டதை நீங்கள் ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். காசு கடைக்குப் போனால், கடையின் ஆசையும் விதியின் ஆசையும் எதிரெதிர் பக்கம் இழுக்கின்றன. அயர்லாந்துக் கடைக்காரருக்கு ஒரு பை விற்றாலும் ஆயிரம் விற்றாலும் கட்டணத்திலிருந்து ஒன்றும் ஒட்டாது. அதனால் தாராளமாக 'பை வேண்டுமா?' என்று கேட்பார், வேண்டாம் என்றால் சந்தோஷப்படுவார்.

கல்லாக்காரர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. படிவம் எல்லாம் வேண்டாம். பில்லில் பையின் விலை தனியாகத் தெரிய வேண்டும், பையில் கடைப் பெயர் இருந்தால் காசு வாங்கக் கூடாது. இந்த இரண்டு மட்டும் விதி என்றால் உங்களுக்குச் சம்மதமா?

கல்லாக்காரர்:

பில்லில் பையின் விலையைத் தனியாக இப்போதே காட்டுகிறேன். பெயர் போடாத பை எனக்கும் மலிவு, அச்சுக் கூலி மிச்சம். சம்மதம். ஆனால் பெரிய கடைகள் சம்மதிக்க மாட்டார்கள், அவர்களுக்கு அந்தப் பை நடமாடும் பலகை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில பைகளுக்குக் காசு கேட்கவே கூடாது. பச்சை மீன், இறைச்சி போன்றவற்றுக்கு உள்ளே போடும் சின்ன உறை, மருந்துக் கடையில் சீட்டுக்கு மருந்து கட்டித் தரும் பை. இதற்கெல்லாம் காசு கேட்டால் விதி மேல் இருக்கும் மரியாதையே போய்விடும்.

காகிதக்கப்பல்:

மீன், இறைச்சி உறைக்கான விலக்கு அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இருக்கிறது, மருந்துப் பைக்கான விலக்கு இங்கிலாந்தில் உண்டு அண்ணே.

வீட்டுக்காரர்:

கடைசியாக ஒன்று. வீட்டுக்குக் கொண்டு வந்து தரும் ஆர்டர்களில் என்ன செய்வது? ஐந்து பொருளுக்கு நான்கு பை வருகிறது. வேண்டாம் என்று சொல்ல ஆளே இல்லை. பில்லில் 'பேக்கிங்' என்று ஒரு தொகை மட்டும் இருக்கிறது.

பில் கவுண்டர்:

அங்கேதான் இந்த விதி பல் இல்லாமல் போகிறது. இங்கிலாந்தில் கட்டணம் வந்தபோது சில பெரிய கடைகள் டெலிவரிக்கு மொத்தமாக இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தன, ஒரு பை போனாலும் பத்துப் பை போனாலும் அதே காசு. யாரும் எதுவும் கேட்பதில்லை, யாரும் யோசிப்பதில்லை. பையே இல்லாமல் கூடையில் கொண்டு வந்து வாசலில் எடுத்துக்கொள்ளச் சொல்வதும் சில இடங்களில் உண்டு, ஆர்டர் போடும்போது அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் செயலியில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் கீழே ஒளித்து வைத்திருப்பார்கள்.

வீட்டுக்காரர்:

இருக்கிறது. பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால், சாம்பல் நிறத்தில். பை வேண்டும் என்று முன்கூட்டியே டிக் போட்டே வைத்திருக்கிறார்கள்.